ஒருநாள் பயிற்சிக்குப் பின் என்ன தங்கியது? மருத்துவப் பணியாளரின் அறிவை அளந்தறியும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும், நாகர்கோவில், நெய்யூர் போன்ற இடங்களில் நெடுங்காலமாக இயங்கிவரும் மிஷன் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் செவிலியர்களும் மருத்துவர்களும் ஆண்டுதோறும் ஒருநாள், இரண்டுநாள் பயிற்சிகள் பலவற்றில் கலந்துகொள்கிறார்கள். பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல், பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு, வெறிநாய்க்கடி, பாம்புக்கடி, தொற்றுத் தடுப்பு எனப் பொருள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பயிற்சி முடிந்தபின் எழுதப்படும் அறிக்கையின் கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. பங்கேற்றவர்களின் அறிவு மேம்பட்டது என்றே அது முடிகிறது. அந்த வரியை எந்த ஆதாரத்தில் எழுதலாம், அந்த ஆதாரத்தைத் திரட்டுவது எப்படி என்பதை, பயிற்சியை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விளக்குவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

பயிற்சி மதிப்பீட்டு அறிஞரான அமெரிக்கர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியின் பயனை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். பங்கேற்றவருக்குப் பயிற்சி பிடித்திருந்ததா, அவர் எதையேனும் கற்றாரா, கற்றதைப் பணியில் செய்கிறாரா, அதனால் நோயாளிக்கு நன்மை விளைந்ததா என்பவையே அந்நான்கு படிகள். நம்மிடையே விநியோகிக்கப்படும் கருத்துப் படிவம் முதல் படியைத் தாண்டுவதில்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்து, அரங்கில் மின்விசிறியும் ஓடிவிட்டால், பயிற்சியும் மிக நன்றாக இருந்ததாகவே அதில் பதிவாகும். 'பயிற்சிக்கு முன் எனக்கு இவ்வளவு தெரியும், இப்போது இவ்வளவு தெரியும்' என்று பங்கேற்பாளரே தமக்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளும் படிவமும் பெரும்பாலும் மனநிறைவையே அளக்கிறது. நாம் இங்கே கவனிப்பது இரண்டாம் படியை, அதாவது அறிவு உண்மையில் கூடியதா என்பதை.

வழிமுறை வெறும் கொள்கையாக நின்றுவிடாதிருக்க, ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் பின்பற்றுவோம்: ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கான ஒருநாள் பாம்புக்கடி சிகிச்சைப் பயிற்சி. விடியலுக்கு முன்பே பால்வெட்டுக்குச் செல்லும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் மேற்கிலும், வயலிலும் வாழைத்தோப்பிலும் இறங்கி வேலை செய்வோர் கிழக்கிலும் உள்ள இம்மாவட்டத்தில் இப்பயிற்சிக்குத் தேவை உண்டு என்பதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்திருப்பதால், பின்னர் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வழியுண்டு.

எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் எழுதுதல்

பயிற்சியின் படக்காட்சிகளை (ஸ்லைடுகளை) தயாரிப்பதற்கு முன்பே வினாத்தாளைத் தயாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படக்காட்சிகள் தயாரான பிறகு வினா எழுத உட்காருபவர், எழுதுவதற்கு எளிதான செய்திகளையே வினாவாக்குவார். விஷமுறிவு மருந்து எந்த விலங்கிலிருந்து பெறப்படுகிறது என்ற வினாவைப் பல தாள்களில் பார்க்க முடிகிறது. குதிரை என்ற விடையை அறிந்திருப்பதால் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் கை எதையும் வேறுவிதமாகச் செய்யப் போவதில்லை.

ஆகவே முதற்பணி, தவறு நேரக்கூடிய முடிவுக் கட்டங்களைப் பட்டியலிடுவதாகும். பாம்புக்கடிக்கு ஆளானவர் வாசலில் இறக்கப்பட்டது முதல் 108 வாகனத்தில் ஏற்றப்படும் வரை, பணியாளர் எந்தெந்த இடங்களில் ஒரு முடிவை எடுக்க நேர்கிறது? இறுகக் கட்டி வந்த கயிற்றை உடனே அவிழ்ப்பதா, நாடியைப் பார்த்து, மருந்தும் மருத்துவரும் ஆயத்தமான பிறகு அவிழ்ப்பதா? நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறதா என்று காட்டும் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனைக்கு எந்தக் குழாயை எடுப்பது? ஏ.எஸ்.வி. என்று வார்டில் அழைக்கப்படும் விஷமுறிவு மருந்தை எந்த அறிகுறி தென்பட்டால் தொடங்குவது? குழந்தைக்கு அளவைக் குறைப்பதா? மருந்து ஏறும்போது மூச்சுத் திணறலும் உடல் தடிப்பும் தோன்றினால் முதலில் எந்த ஊசி? இத்தகைய கட்டங்கள் பத்துப் பன்னிரண்டு தேறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வினாக்கள் என்று வைத்துக்கொண்டால் இருபது முதல் இருபத்துநான்கு வினாக்கள் கிடைக்கும். அரைமணி நேரத் தேர்வுக்கு அது போதும்.

வினா எழுதுதல்

இப்பணியில் அதிக உழைப்பைக் கோருவது இப்பகுதியே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல வினா ஒரு நோயாளியைக் கண்முன் நிறுத்தி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும். எடுத்துக்காட்டாக: தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த முப்பது வயதுப் பெண் அதிகாலையில் வயிற்றுவலியோடு கொண்டுவரப்படுகிறார்; உடலில் கடிவாய் எதுவும் தெரியவில்லை; இமைகள் சரிகின்றன, விழுங்கச் சிரமப்படுகிறார்; ரத்த உறைதல் சோதனை இயல்பாக இருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது எது? கடிவாய் இல்லாததாலும் ரத்தம் உறைந்ததாலும் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பது என்ற தவறான விடை பலரைக் கவரும். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பையே தாக்குகிறது என்பதையும், அதன் கடித்தடம் பலநேரம் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் உணர்ந்தவர் மட்டுமே, ஏ.எஸ்.வி.யைத் தொடங்கி மூச்சுக்கு உதவ ஆயத்தமாக வேண்டும் என்ற விடையைத் தேர்ந்தெடுப்பார். மனப்பாடத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது.

தவறான விடைகளைக் கற்பனையிலிருந்து எழுதாமல், பணியாளர்கள் உண்மையில் நம்புகிறவற்றிலிருந்து எடுக்க வேண்டும். குழந்தையின் எடைக்கேற்ப விஷமுறிவு மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது பலரிடம் வேரூன்றிய எண்ணம். மற்ற மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே விதி என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு கடிபட்டவரின் எடையைப் பார்ப்பதில்லை; எனவே பெரியவருக்கான அளவே குழந்தைக்கும் உரியது. அதுபோலவே, உறைதல் சோதனைக்குப் புதிய, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புநீரில் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்றுவிடக்கூடும். இந்த நம்பிக்கைகள் தவறான விடைகளாகத் தாளில் இடம்பெற்றால்தான், பயிற்சி அவற்றை அசைத்ததா என்பது தெரியவரும்.

உள்ளூருக்கே உரிய வினா ஒன்றும் இருக்கட்டும். நாட்டில் வழங்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் காணப்படும், மூக்கு நுனி மேல்நோக்கிய சிறு குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் பணியாற்றுபவர் இதை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும், குப்பிகளை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டிருப்பதா, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொள்ளும் வசதியுள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைந்து அனுப்புவதா என்ற முடிவையே மாற்றிவிடும்.

வடிவத்தைப் பற்றிச் சில குறிப்புகள் மட்டும். நான்கு தெரிவுகளோடு, ஐந்தாவதாகத் 'தெரியாது' என்பதையும் சேர்க்கவும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலே கால்பங்கு மதிப்பெண் வந்துவிடும் என்பதை மறக்கலாகாது. 'மேற்கண்ட அனைத்தும்' என்ற தெரிவைத் தவிர்க்கவும். சரியான விடையே எப்போதும் நீளமான விடையாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும். வினா எழுதுவோர் அனைவரிடமும் காணப்படும் பழக்கம் அது. ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் 'உறுதியாகத் தெரியும், ஓரளவு தெரியும், ஊகம்' என்று மூன்று கட்டங்களை வைத்து, அவற்றுள் ஒன்றைக் குறிக்கச் சொல்லவும். இதனால் கிடைக்கும் பயனைக் கணக்குப் பகுதியில் காண்போம்.

மொழியையும் முடிவுசெய்ய வேண்டும். செவிலியர் பட்டயமோ பட்டமோ பெற்றவர்கள் ஆங்கிலத்தில் படித்தவர்கள். கிராம சுகாதாரச் செவிலியர்களுள் பலருக்குத் தமிழ்வழித் தாளே எளிது. விளவங்கோடு பக்கத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பணியில் உள்ளனர். வினாவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து அச்சிட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் குப்பியின் மேலே அவர்கள் அன்றாடம் காணும் வடிவிலேயே விட்டுவிடுவது நல்லது. இல்லையேல் நாம் அளப்பது மருத்துவ அறிவையா, மொழியறிவையா என்பது தெரியாமல் போய்விடும்.

எழுதிய வினாக்களைப் பொது மருத்துவர், அவசர சிகிச்சை மருத்துவர், மூத்த செவிலியர் எனக் குறைந்தது மூவரிடம் தனித்தனியே கொடுத்து விடை எழுதச் சொல்லவும். அவர்களே ஒருமித்து விடை சொல்லாத வினா, தாளில் இடம்பெறத் தகுதியற்றது. பிறகு, பயிற்சிக்கு வரப்போகிறவர்களைத் தவிர்த்து, பக்கத்து மாவட்டத்தில் வள்ளியூர், இராதாபுரம் போன்ற இடங்களில் பணிபுரியும் முப்பது பேரிடம் ஒத்திகை பார்க்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரியாக எழுதிவிடும் வினா, பயிற்சிக்குப் பின் உயர இடமில்லாத வினா, அதை நீக்கலாம். மொத்த மதிப்பெண்ணில் மேல்நிலையில் இருப்பவர்களும் கீழ்நிலையில் இருப்பவர்களும் ஒரே விகிதத்தில் சரியாக எழுதும் வினா, தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டத் தவறுகிறது. மேல்நிலையினரைவிடக் கீழ்நிலையினர் நன்றாக எழுதினால், பெரும்பாலும் விடைக்குறிப்பிலேயே பிழை இருக்கும்.

எப்போது அளப்பது, யாரோடு ஒப்பிடுவது

காலையில் முன்தேர்வு, மாலையில் அதே தாளில் பின்தேர்வு என்பதே வழக்கம். மாலையில் மதிப்பெண் கூடாமல் இருந்தால்தான் வியப்பு. காலையில் பார்த்த வினா நினைவில் நிற்கிறது. பயிற்றுநர் அதே சொற்களைச் சொல்லி ஓரிரு மணி நேரமே ஆகியிருக்கிறது. விடைகளைத் தேநீர் இடைவேளையில் பேசியும் முடித்திருப்பார்கள். மாலை மதிப்பெண் பயனற்றதென்று சொல்ல மாட்டேன்; பயிற்றுநர் சொன்னது காதில் விழுந்ததா என்பதை அது சொல்லும். அறிவு தங்கியதா என்று கேட்டால், அதற்கு மூன்று மாதம் கழித்து நடத்தும் மூன்றாம் தேர்வே விடையளிக்க முடியும். கற்றது தொடக்க நாள்களிலேயே வேகமாகக் கரைகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தம்மைத் தாமே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

மூன்றாம் தேர்வு வைத்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். இம்மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. மே மாதம் பயிற்சி கொடுத்து ஆகஸ்டில் அளந்தால், இடையில் மழைக்காலத்தில் வந்த நோயாளிகளே பணியாளருக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். துறையிலிருந்து புதிய சுற்றறிக்கை வந்திருக்கலாம். மூத்த மருத்துவர் ஒருவர் அந்த நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். மதிப்பெண் கூடியது எதனால் என்று பிரித்தறிய, பயிற்சி பெறாத குழு ஒன்றும் அதே நாள்களில் தேர்வு எழுதியாக வேண்டும்.

ஒப்பீட்டுக் குழு என்றதும் பலர் தயங்குகிறார்கள்; யாருக்குப் பயிற்சியை மறுப்பது என்று கேட்கிறார்கள். யாருக்கும் மறுக்க வேண்டியதில்லை. மாவட்டத்தின் ஒன்பது வட்டாரங்களிலிருந்தும் எல்லாரையும் ஒரே நாளில் அழைத்தால் சுகாதார நிலையங்களைப் பூட்ட வேண்டிவரும் என்பதால், எப்படியும் இரண்டு மூன்று அணிகளாகவே அழைக்கப் போகிறோம். முதல் அணிக்குப் பயிற்சி தந்து, இரண்டாம் அணிக்கு மூன்று மாதம் கழித்துத் தந்தால், காத்திருக்கும் அணியே ஒப்பீட்டுக் குழுவாகிவிடுகிறது. செலவு ஏதும் கூடுவதில்லை. செய்ய வேண்டியதெல்லாம், முதல் அணிக்கு முன்தேர்வு நடக்கும் வாரத்தில் இரண்டாம் அணிக்கும் அதை நடத்தி, மூன்று மாதம் கழித்து இருவருக்கும் மீண்டும் நடத்துவதுதான்.

எந்த நிலையம் எந்த அணியில் சேரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். ஆர்வமுள்ளவர் முதலில் வரட்டும் என்று விட்டால், ஆர்வமே முடிவை மாற்றிவிடும். திருவட்டாறு, மேல்புறம் போன்ற மலையடி வட்டாரங்களை ஓர் அணியிலும், அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம் போன்ற சமவெளி வட்டாரங்களை இன்னோர் அணியிலும் வைத்தாலும் பிழையே. பாம்புக்கடியைப் பார்த்துப் பழகிய அளவு இரண்டிலும் ஒன்றாக இராது. ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் நிலையங்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதி பாதியாகப் பிரிப்பதே முறை. ஒரே நிலையத்தின் பணியாளர்களை இரு அணிகளிலும் போட வேண்டாம். கற்றுவந்தவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார், சொல்லவும் வேண்டும்.

முன்தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சிக்கு அனுப்பி அளப்பதும் நம்மை ஏமாற்றிவிடும். அன்று தலைவலியாலோ இரவுப்பணிக் களைப்பாலோ குறைந்தவர்கள், பயிற்சி இல்லாவிட்டாலும் அடுத்தமுறை தங்கள் இயல்பான அளவுக்குத் திரும்பியிருப்பார்கள்.

காத்திருக்கும் அணியின் தாளில் ஆபத்தான விடைகள் தென்படும்போது மூன்று மாதம் சும்மா இருக்கலாமா என்ற அறக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குழந்தைக்குப் பாதி மருந்து போதும் என்று ஒரு நிலையமே எழுதியிருப்பதைக் கண்டும் காணாததுபோல் இருப்பது தகாது. இதற்குச் சரியான வழி, முன்தேர்வு முடிந்த கையோடு இரு அணிகளுக்கும் நிலையான சிகிச்சை நெறிமுறைச் சுவரொட்டியைக் கொடுத்துவிடுவது. அதன் பிறகு நாம் அளப்பது, சுவரொட்டி தருவதற்கு மேலாக ஒருநாள் பயிற்சி எதைத் தருகிறது என்பதை. பெறுபேறு சற்றுச் சுருங்கித் தெரியலாம். ஆனால் பயிற்சிக்குச் செலவிடும் பணத்தைப் பற்றிக் கேட்கத் தக்க கேள்வியும் அதுவேயாகும்.

எத்தனை பேர் வேண்டும்

கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு எவ்வளவு என்பதை முதலில் சொல்ல வேண்டும். இருபது வினாத் தாளில் இரு அணிகளின் உயர்வுக்கு இடையே இரண்டு மதிப்பெண் வேறுபாடு இருந்தால் பொருட்படுத்தத்தக்கது என்றும், ஆளுக்கு ஆள் உயர்வு மாறுபடும் அளவான திட்டவிலக்கம் மூன்று என்றும் கொள்வோம். வழக்கமான ஐந்து விழுக்காட்டுப் பிழை வரம்புக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு) எண்பது விழுக்காட்டுத் திறனுக்கும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு), மூன்றை இரண்டால் வகுத்து, அதன் வர்க்கத்தை, இவ்விரண்டிலிருந்தும் வரும் மாறிலியான 15.7ஆல் பெருக்கினால் அணிக்கு 36 பேர் என்று வரும். ஒரே நிலையத்தில் பணிபுரிவோர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 44. மாறுதலிலும் விடுப்பிலும் ஐந்தில் ஒருவர் விடுபடுவார் என்று வைத்தால் 55. இவ்வளவு பேர் கிடைக்காவிட்டால் அளவீட்டைக் கைவிட வேண்டியதில்லை. சிறிய வேறுபாடுகளைப் பற்றித் தீர்ப்பு சொல்வதை மட்டும் கைவிட வேண்டும்.

தேர்வு நடத்தும் நாள்

புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கிராம சுகாதாரச் செவிலியரை அன்று அழைக்கக் கூடாது. மூன்றாம் தேர்வு மண்டைக்காடு மாசிக் கொடையோடோ, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவோடோ மோதினால் வருகை குறையும். நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுவது நல்லது.

வினாத்தாளை இரண்டு இணை வடிவங்களாக, ஒரே முடிவுக் கட்டங்களை வெவ்வேறு நோயாளிக் கதைகளால் சோதிக்கும் வகையில், தயாரித்துக்கொள்ளவும். பாதிப் பேர் முதல் வடிவத்தை முன்தேர்வாகவும் இரண்டாம் வடிவத்தைப் பின்தேர்வாகவும் எழுதட்டும். மீதிப் பேர் மாற்றி எழுதட்டும். முதல் வடிவம் சற்றுக் கடினமாக அமைந்துவிட்டாலும் இதனால் ஈடாகிவிடும். தாள்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒரு தாள் படமாகி வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால், காத்திருக்கும் அணியின் மூன்று மாதத் தேர்வு அன்றே வீணாகும். கூகுள் படிவத்தில் நடத்தினால் திருத்தும் வேலை மிச்சம்தான். ஆனால் வீட்டிலிருந்து எழுதுபவர் விடையைத் தேடிப் பார்ப்பதைத் தடுக்க வழியில்லை. மலைப்பக்க நிலையங்களில் இணையமும் ஒத்துழைக்காது. ஓர் அறையில் உட்காரவைத்துக் காகிதத்தில் எழுதவைப்பதையே பரிந்துரைக்கிறேன்.

பெயர் வேண்டாம், ஆனால் மூன்று தாள்களையும் ஒருவருடையவை என்று இணைக்க ஒரு குறியெண் வேண்டும். தாயின் பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் என்று அவரவரே அமைத்துக்கொள்ளும் குறியெண் மறந்தும் மாறாது. மதிப்பெண் எந்த மேலதிகாரிக்கும் ஆள்வாரியாகப் போகாது என்ற உறுதியை எழுத்தில் தரவும். ஒப்பந்தப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இந்த அச்சம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும். அச்சம் இருக்கும் இடத்தில் தாள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தே நிரப்பப்படும். முடிவுகளை இதழில் வெளியிடும் எண்ணம் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கணக்கைப் படித்தல்

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற அணியின் சராசரி முன்தேர்வில் 11.2, அன்று மாலை 16.5, மூன்று மாதம் கழித்து 14.1. காத்திருந்த அணியின் சராசரி முன்தேர்வில் 11.0, மூன்று மாதம் கழித்து 12.2. வழக்கமான அறிக்கை 11.2இலிருந்து 16.5ஆக உயர்ந்தது, அதாவது 5.3 மதிப்பெண் முன்னேற்றம் என்று எழுதும். மூன்று மாதத்தில் தங்கியது 2.9. அதில் 1.2 பயிற்சி பெறாதவர்களிடமும் உயர்ந்திருக்கிறது. ஆக, பயிற்சியின் பங்காகச் சொல்லத்தக்கது 1.7 மதிப்பெண். இந்த 1.7ஐ அதன் நம்பக எல்லையோடு, அதாவது உண்மையான மதிப்பு அடங்கியிருக்கக்கூடிய வீச்சோடு, சேர்த்து எழுத வேண்டும். அவ்வெல்லை சுழியையும் உள்ளடக்கியிருந்தால், உயர்வு தற்செயலாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஓர் அணிக்குள் முன்னும் பின்னும் ஒப்பிட, சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் முறையான இணை டி-சோதனையும், மதிப்பெண்கள் ஒருபுறம் குவிந்திருந்தால் வில்காக்சன் சோதனையும் பயன்படும். இரு அணிகளின் உயர்வை ஒப்பிட இணையற்ற டி-சோதனை போதும். நிலையவாரி ஒப்புமையையும் கணக்கில் கொள்ளும் முறையை அறிந்த புள்ளியியலாளர் கிடைத்தால் இன்னும் நல்லது. இக்கணக்குகளுக்கு ஜாமோவி போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினரைத் திட்டமிடும் கட்டத்திலேயே கலந்துகொண்டால், இப்பகுதியில் தடுமாற்றம் குறையும்.

சராசரியோடு நின்றுவிடுவது பெருங்குறை. வினாவாரியாகப் பார்க்கும்போதுதான் பயிற்சியின் உள்ளே நடந்தது தெரியவரும். குழந்தைக்கான அளவு பற்றிய வினாவில் நாற்பது பேரில் பதினான்கு பேர் தவற்றிலிருந்து சரிக்கும், மூன்று பேர் சரியிலிருந்து தவற்றுக்கும் மாறியிருப்பதாகக் கொள்வோம். இவ்வகைச் சரி-தவறு மாற்றத்துக்கு மெக்நெமர் சோதனை என்ற புள்ளியியல் முறை உரியது: பதினான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒன்றைக் கழித்து, அதன் வர்க்கத்தை மாறியவர்களின் தொகையான பதினேழால் வகுத்தால் 5.88, ஐந்து விழுக்காட்டுப் பிழை வரம்புக்குரிய எல்லை எண்ணான 3.84ஐ அது தாண்டுவதால் உயர்வு தற்செயலானதன்று எனலாம். நான் முதலில் தேடுவது அந்த மூன்று பேரை. சரியாகத் தெரிந்திருந்தவர் பயிற்சிக்குப் பின் தவறாக எழுதினார் என்றால், பயிற்றுநர் சொன்ன ஏதோ ஒன்று அவரைக் குழப்பியிருக்கிறது. அத்தகையோர் ஐந்தாறு பேர் ஒரே வினாவில் சேர்ந்தால் அந்தப் படக்காட்சியைத் திருத்தியே ஆக வேண்டும்.

உறுதியைக் குறித்த கட்டங்கள் இங்கேதான் உதவுகின்றன. ஊகித்துத் தவறாக எழுதியவர் வார்டில் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்வார். உறுதியாகத் தெரியும் என்று குறித்துத் தவறாக எழுதியவர் கேட்கமாட்டார். பயிற்சிக்குப் பின் மதிப்பெண் சற்றே உயர்ந்து, உறுதியான தவறுகள் பெரிதும் கூடியிருந்தால், அந்தப் பயிற்சி தன்னம்பிக்கையைத்தான் வளர்த்திருக்கிறது. அதை வெற்றியாகக் கருத எனக்கு மனமில்லை.

மூன்றாம் தேர்வுக்கு வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதற்கு முன், அவர்களுடைய முன்தேர்வுச் சராசரியை வந்தவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். நன்றாக எழுதக்கூடியவர்கள் மட்டும் திரும்பி வந்திருந்தால், தங்கியதாகத் தெரியும் அறிவில் ஒரு பகுதி அவர்கள் முன்பே கொண்டுவந்தது.

தாளுக்கு அப்பால் ஒரு சிறு சோதனை

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வகுத்த கூம்பில், அறிதல், செய்முறையை அறிதல், செய்துகாட்டுதல், பணியில் செய்தல் என்று நான்கு அடுக்குகள் உண்டு. எழுத்துத் தேர்வு முதலிரண்டு அடுக்குகளோடு நின்றுவிடும். அணியில் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, மேசையில் கண்ணாடிக் குழாய், பிளாஸ்டிக் குழாய், கடிகாரம் ஆகியவற்றை வைத்து, உறைதல் சோதனையைச் செய்துகாட்டச் சொன்னால் மூன்றாம் அடுக்கையும் தொட்டுவிடலாம். நான்காம் அடுக்குக்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிலையங்களில் பதிவான பாம்புக்கடி நோயாளர் குறிப்புகளை எடுத்து, சோதனை தொடங்கிய நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, ஏ.எஸ்.வி. தொடங்கி ஆறு மணி நேரம் கழித்துச் சோதனை மீண்டும் செய்யப்பட்டதா அல்லது அதற்கான குறிப்போடு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாரா என்று பார்க்கலாம். இறப்பு எண்ணிக்கை குறைந்ததா என்பதை ஒருநாள் பயிற்சியின் அளவுகோலாக வைக்க வேண்டாம்; ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் நிகழும் இறப்புகள் அதைச் சொல்லப் போதுமான எண்ணிக்கையாகா.

அறிக்கை

மாவட்ட சுகாதார அலுவலருக்குச் செல்லும் அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எத்தனை பேர் அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் மூன்று தேர்வுகளையும் எழுதினர், அணி எப்படிப் பிரிக்கப்பட்டது, மூன்று மாதத்தில் தங்கிய உயர்வு எவ்வளவு, ஒப்பீட்டு அணியைக் கழித்த பின் எவ்வளவு என்பவை முதல் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் வினாவாரி அட்டவணை. மாலை மதிப்பெண்ணைக் குறிப்பிடுவதானால், மூன்று மாத மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பிடவும். தனியே தலைப்பில் போட வேண்டாம். உயர்வு இல்லை என்ற முடிவு வந்தாலும் அதை அப்படியே அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு அதே பயிற்சிக்கு அதே தொகையை ஒதுக்குவதா, சுவரொட்டியும் அரைமணி நேரச் செய்முறையும் போதுமா என்று முடிவெடுப்பவருக்கு அந்த முடிவே அதிகம் பயன்படும்.

காத்திருந்த அணிக்குப் பயிற்சி நடக்கும்போது, முதல் அணியின் வினாவாரி அட்டவணை கையில் இருக்கும். அதில் அசையாமல் நின்ற வினாக்களுக்குரிய பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கி, எளிதில் தேறியவற்றைச் சுருக்கி, பாடத்திட்டத்தைத் திருத்திக்கொள்ளவும். இரண்டாம் அணிக்கும் மூன்று மாதம் கழித்து ஒரு தேர்வு வைத்தால், திருத்திய பாடம் முந்தையதைவிட மேலானதா என்பதும் தெரிந்துவிடும். அத்தேர்வுக்கு முதல் அணி பார்த்திராத நோயாளிக் கதைகளைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.